சொன்னதைச் செய்தால் மட்டும் போதுமா?



"எள் என்றால் எண்ணெயாய் நிற்பான்" என்று நல்ல ஏவலாளைப் பற்றி நம் முன்னோர் கூறுவர். சொல் முடிவதற்குள் வேலையை முடித்துவிடுபவன் என்பது அதன் கருத்து. ஆயினும், அவ்வாறு விரைந்து செய்பவனிடத்திலும் ஒரு குறை இருக்கக்கூடும். செய்து முடித்தபின் "செய்துவிட்டேன்" என்று வந்து கூறாதவனாயின், ஏவியவர் மனம் அமைதி அடைவதில்லை. கதவைப் பூட்டச் சொன்னோம், பூட்டினானா? அடுப்பை அணைக்கச் சொன்னோம், அணைத்தானா? படுக்கையிலிருந்து எழுந்து சென்று பார்க்கும் வரை உறக்கம் வாராது.

மனிதருக்குப் பொருந்தும் இந்த உண்மை கருவிகளுக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு கண்கூடாகக் கண்டேன். நான் பொறியாளன் அல்லன்; பாடம் சொல்லிக்கொடுப்பவன். எனினும், பட்டறிவால் கற்றதைப் பகிர்ந்துகொள்வதில் தவறில்லை அல்லவா? வீட்டு விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி ஆகியவற்றை ஒரே பொத்தானில் இயக்கும் தானியங்கி ஏற்பாடு இன்று பல இல்லங்களில் நுழைந்துவிட்டது. அந்த ஏற்பாட்டுடன் இணைந்து இயங்கத்தக்க டி.வி.டி. அல்லது புளூரே பிளேயரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

"இந்தக் காலத்திலும் தகடு போட்டுப் பார்ப்பவர் உண்டா?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். உண்டு. உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளின் திருமணப் பதிவு, மறைந்துவிட்ட பெரியவர்கள் பேசிய கூட்டங்கள், அயல்நாட்டிலிருந்து வந்த குடும்பப் படங்கள் என்று பத்துத் தகடுகளாவது இருக்கும். அவை வேறெந்தக் கடையிலும் கிடைக்காதவை.

பெரியத்தா வீட்டில் நடந்தது

என் பெரியத்தாவுக்கு வயது 78. பக்கவாதத்திற்குப் பின் வலக்கை நடுங்குகிறது, பார்வையும் மங்கல். ரிமோட்டில் உள்ள நாற்பது பொத்தான்களில் எது எதுவென்று அவருக்குத் தெரியாது. அவரிடம் உள்ள தகடுகளில் ஒன்று, மகளின் திருமணத்தின்போது 2005-இல் எடுக்கப்பட்டது. அதன் நடுவில் ஓரிடத்தில் பெரியம்மா கையில் தட்டுடன் பந்திக்கு நடுவே நடந்து வருவார், படம் எடுப்பவரைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். சில விநாடிகள்தாம். பெரியம்மா 2019-இல் காலமானார். அவருடைய குரல் பதிவாகியுள்ள தகடு அந்த ஒன்றுதான்.

வளைகுடாவில் பணிபுரியும் மூத்த மகன் சென்ற ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, தந்தைக்கு உதவியாக ஓர் ஏற்பாடு செய்தார். கட்டிலின் ஓரத்தில் இரண்டே பொத்தான்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினால் குழல்விளக்கு அணைந்து சிறுவிளக்கு எரியும், மின்விசிறி வேகம் குறையும், தொலைக்காட்சி எழும், பிளேயர் எழுந்து, உள்ளே இருக்கும் தகட்டை ஓட்டத் தொடங்கும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்பும். இஷாவுக்குப் பின் அவர் பச்சைப் பொத்தானை அழுத்துவார்; அரைமணி நேரம் பார்ப்பார்; சிவப்பை அழுத்திவிட்டு உறங்குவார். மகன் மனநிறைவுடன் பயணம் புறப்பட்டார்.

இரண்டு மாதங்களுக்குப் பின் ஒருநாள் நான் அவரைப் பார்க்கச் சென்றேன். பகல் பதினொரு மணி. தொலைக்காட்சி அணைந்திருந்தது, ஆனால் பிளேயரில் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், மேற்புறம் சுட்டது. "பெரியத்தா, இது ராவெல்லாம் ஓடியிருக்கு போலிருக்கே?" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சற்றுநேரம் கழித்து மெல்லச் சொன்னார்:

"நான்தான் தம்பி எதையோ மாத்தி அழுத்திட்டேன். மூணு வாரமாப் படமே வரல. அவன்கிட்டச் சொல்லாதே. அவ்வளவு செலவழிச்சு வச்சுட்டுப் போயிருக்கான்."

வாசகர்களே, அவர் எதையும் மாற்றி அழுத்தவில்லை. தவறு அவருடையது அன்று. ஆனால், முதியவர்களின் இயல்பு இதுதான்: கருவி கெட்டால், தம் கை கெட்டுவிட்டது என்றே எண்ணுவார்கள். பிறகு அதைத் தொடமாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள்.

எங்கே பிழை?

அன்றே அமர்ந்து ஆராய்ந்தோம். தொலைக்காட்சிக்கு "எழு" என்பதற்கு ஒரு கட்டளையும், "உறங்கு" என்பதற்கு வேறொரு கட்டளையும் தனித்தனியே இருந்தன. பிளேயருக்கோ ஒரே கட்டளைதான். ரிமோட்டின் மேல்மூலையில் இருக்கும் அந்த ஒற்றைப் பொத்தான், உறங்கும் பிளேயரை எழுப்பும். விழித்திருக்கும் பிளேயரை உறங்கவைக்கும். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்திருப்பவருக்கு இதனால் இடர் ஒன்றும் இல்லை. கண் பார்க்கிறது, தவறினால் இன்னொரு முறை அழுத்துகிறோம். தானியங்கிக்குக் கண் இல்லை. தான் அனுப்பிய கட்டளைகளை எண்ணி, "இப்போது பிளேயர் விழித்திருக்கிறது" என்று ஊகித்துக்கொள்கிறது, அவ்வளவே.

ஒருநாள் இரவு படம் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தபோது பிளேயர் உறக்க நிலையில் இருந்தது. பெரியத்தா வழக்கம்போல் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்தார். தொலைக்காட்சி உறங்கியது, உறங்கிக்கொண்டிருந்த பிளேயரோ எழுந்துகொண்டது! மறுநாள் பச்சையை அழுத்தினார். தொலைக்காட்சி எழுந்தது, பிளேயர் உறங்கிவிட்டது. திரையில் "சிக்னல் இல்லை" என்ற எழுத்து மட்டும். அன்றிலிருந்து ஒன்று எழும்போது மற்றொன்று உறங்கும் என்றாகிவிட்டது. ஒரேயொரு மின்தடை, மூன்று வாரக் கலக்கம்.

ஆகவே, பிளேயர் வாங்கும்போது நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, "படம் எவ்வளவு தெளிவாக இருக்கும்?" என்பதன்று. "எழு என்றால் எப்போதும் எழுமா? உறங்கு என்றால் எப்போதும் உறங்குமா? எந்த நிலையில் இருக்கிறாய் என்று கேட்டால் விடை சொல்லுமா?" என்பவையே முதற்கேள்விகள்.

கட்டளை செல்லும் வழிகள் நான்கு

தானியங்கியின் கட்டளை பிளேயரைச் சென்றடைய நான்கு வழிகள் உள்ளன. ஒவ்வொன்றின் நிறைகுறைகளையும் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, அகச்சிவப்புக் கதிர். நம் ரிமோட்டுகள் பெரும்பாலும் இவ்வழியில் இயங்குபவையே. ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத ஒளி, பொதுவாக நொடிக்கு 38,000 முறை என்னும் வேகத்தில் துடித்துக் குறியீட்டைச் சுமந்து செல்கிறது. ரிமோட்டின் நுனியைக் கைப்பேசிக் கேமராவின் முன் பிடித்து அழுத்தினால் பல கைப்பேசிகளில் அந்த ஒளி தெரியும். ரிமோட் வேலை செய்கிறதா என்று அறிய இஃது எளிய வழி. தானியங்கிக்கென அகச்சிவப்புக் கதிரை உமிழும் சிறு பெட்டிகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. ரிமோட் உள்ள எந்தப் பழைய பிளேயரையும் இவ்வழியில் இயக்கலாம் என்பது இதன் நிறை. சுவரையும் அலமாரிக் கதவையும் கதிர் ஊடுருவாது என்பதும், பிளேயரிடமிருந்து மறுமொழி வாராது என்பதும் இதன் குறைகள்.

சில பிளேயர்களில், ரிமோட்டில் பொத்தானாக இல்லாவிட்டாலும், "எழு", "உறங்கு" என்னும் இரு தனிக் குறியீடுகள் உள்ளே ஏற்கப்படும். அத்தகைய பிளேயராயின் அகச்சிவப்பு வழியும் நம்பத்தக்கதே. வாங்குமுன் இதனை மாதிரி எண்ணைக் குறிப்பிட்டு விசாரித்தறிய வேண்டும்.

இரண்டாவது, எச்.டி.எம்.ஐ. கம்பி. பிளேயரிலிருந்து தொலைக்காட்சிக்குப் படத்தைக் கொண்டுசெல்லும் இக்கம்பியின் முனையில் 19 ஊசிகள் உள்ளன. அவற்றில் 13-ஆவது ஊசி, கருவிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென ஒதுக்கப்பட்டது. இவ்வசதிக்கு சி.இ.சி. என்று பெயர். ஆனால், நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி பெயர் சூட்டியுள்ளன: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியரா லிங்க். பிளேயர் ஓடத் தொடங்கியதும் தொலைக்காட்சி தானே எழுந்து உரிய இணைப்புக்கு மாறுவதும், தொலைக்காட்சியை அணைத்தால் பிளேயரும் உறங்குவதும் இதனால் நிகழ்கின்றன. ஒரு தொலைக்காட்சி, ஒரு பிளேயர் மட்டும் உள்ள சிறு குடும்பத்திற்குப் பல வேளைகளில் இதுவே போதும். தனியே பெட்டி வாங்க வேண்டியதில்லை. வெவ்வேறு நிறுவனக் கருவிகள் சேரும்போது சில கட்டளைகள் மட்டும் புரிந்துகொள்ளப்படுவது இதன் குறை. மேலும், இவ்வசதி பல கருவிகளில் முதலில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இரு கருவிகளின் அமைப்புப் பட்டியலிலும் சென்று நாம்தான் திறந்துவிட வேண்டும்.

மூன்றாவது, ஆர்.எஸ். 232 என்னும் கம்பி இணைப்பு. 1960-இல் வகுக்கப்பட்ட பழைய முறை. ஆயினும் மிக நாணயமானது. பிளேயரின் பின்புறம் ஒன்பது ஊசிகளைக் கொண்ட பொருத்துவாய் இருந்தால், அதுதான். ஓப்போ நிறுவனத்தின் யு.டி.பி. 203, 205 ஆகிய பிளேயர்கள் இதற்குப் பெயர் பெற்றவை. அவற்றில் "பி.ஓ.என்." என்ற குறியீடு எழுப்பும், "பி.ஓ.எஃப்." உறங்கவைக்கும், "கியூ.பி.டபிள்யூ." என்று வினவினால், விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று பிளேயரே விடை கூறும். ஏவினால் செய்வதோடு, கேட்டால் சொல்லும் ஏவலாள் என்று இதனைத்தான் கூற வேண்டும். ஆனால், இவ்வகைப் பிளேயர்கள் விலை மிகுந்தவை.

நான்காவது, வீட்டு இணைய இணைப்பு. பிளேயரை ரவுட்டருடன் கம்பியாலோ வைஃபையாலோ இணைத்துக் கட்டளை அனுப்புவது. இதுவும் இருவழிப் பேச்சே. 2013-இல் தொடங்கப்பெற்ற ஹோம் அசிஸ்டன்ட் என்னும் கட்டணமற்ற மென்பொருள், சில நிறுவனங்களின் பிளேயர்களுடன் இவ்வாறு பேச வல்லது. இங்கே மூன்று எச்சரிக்கைகள். ஒன்று: ஒரே நிறுவனத்தின் ஒரு மாதிரி கேட்கும், அடுத்த மாதிரி கேட்காது, ஆதலால் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. இரண்டு: உறக்க நிலையில் பிளேயரின் இணையப் பகுதியும் உறங்கிவிட்டால், அதனை எழுப்ப இயலாது. "விரைவுத் தொடக்கம்" என்பது போன்ற அமைப்பைத் திறந்து வைத்தால் அப்பகுதி விழித்திருக்கும். மின்செலவு சிறிது கூடும். மூன்று: நிறுவனத்தின் தொலைதூரக் கணிப்பொறி வழியாகச் சென்று திரும்பும் ஏற்பாட்டைவிட, வீட்டிற்குள்ளேயே முடியும் ஏற்பாடே நலம். இணையம் நின்றுபோனால் தந்தையின் படமும் நின்றுபோகும் நிலை ஏன் வர வேண்டும்?

மின்தடையை மறவாதீர்

மேலைநாட்டார் எழுதும் குறிப்புகளில் மின்தடைக்கு அதிக இடமிராது. நமக்கோ அதுவே தலையாய சோதனை. மின்சாரம் நின்று வந்தபின் பெரும்பாலான புதிய பிளேயர்கள் உறக்க நிலையிலேயே இருக்கும். கையால் அழுத்தினால் உள்ளே சென்று நிற்கும் விசைப்பொத்தான் கொண்ட மிகப் பழைய டி.வி.டி. பிளேயர்கள் மட்டும் மின்சாரம் வந்ததும் தாமே எழுந்துகொள்ளும். ஆகவே, "தானியங்கிப் பிளக் ஒன்றை வாங்கி மின்சாரத்தையே நிறுத்தி விட்டால் போயிற்று" என்று எண்ணுபவர்கள் முதலில் தம் பிளேயர் எந்த வகை என்று சோதித்தறிக. தகடு சுழன்றுகொண்டிருக்கும்போது மின்சாரத்தைத் துண்டிப்பதும் கருவிக்கு நல்லதன்று.

ஆயினும், அந்தப் பிளக்குக்கு வேறொரு பயன் உண்டு. மின்னளவு காட்டும் வகையாக வாங்கினால், பிளேயர் இப்போது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அது தெரிவிக்கும். உறங்கும் பிளேயர் மிகச் சொற்பமாகவே எடுக்கும். ஓடும் பிளேயர் பல மடங்கு எடுக்கும். வாய் பேசாத பழைய பிளேயரின் நிலையை இவ்வாறு நாடி பிடித்து அறியலாம். "விழித்திருந்தால் கட்டளை அனுப்பாதே, உறங்கினால் மட்டும் அனுப்பு" என்று தானியங்கிக்கு விதி எழுதிவிட்டால், ஒற்றைப் பொத்தான் பிளேயரும் ஒழுங்காக நடக்கும். புதிய பிளேயர் வாங்க வசதியில்லாதவர்களுக்கு இதுவே சிக்கனமான மருந்து.

வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பின், ரவுட்டர், தானியங்கிப் பெட்டி, பிளேயர், தொலைக்காட்சி ஆகிய அனைத்தையும் அதே இணைப்பில் சேர்த்துவிடுங்கள். ஒன்று இன்வெர்ட்டரிலும் மற்றொன்று வெளியிலும் இருந்தால் குழப்பம் பெருகும். நெடுநேரம் சும்மா இருந்தால் தாமே உறங்கிவிடும் பிளேயர்களும் உண்டு. அமைப்புப் பட்டியலில் அவ்வசதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊகத்தில் இயங்கும் தானியங்கியை அதுவும் ஏமாற்றிவிடும்.

தகட்டையும் நினைவிற்கொள்க

பிளேயர் நன்றாய் இருந்து, உங்கள் தகட்டை அது ஏற்காவிட்டால் என்ன பயன்? நம் வீடுகளில் வி.சி.டி., டி.வி.டி. ஆகிய இரண்டும் கலந்திருக்கும். எல்லாப் புளூரே பிளேயர்களும் பழைய வி.சி.டி.யை ஓட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். அயல்நாட்டு உறவினரிடம் பிளேயர் வாங்கிவரச் சொல்பவர்கள் மண்டலக் குறியீட்டையும் அறிந்திருக்க வேண்டும். கடையில் விற்கும் டி.வி.டி. தகடுகளுக்கு இந்தியா 5-ஆம் மண்டலம். வளைகுடா நாடுகள் 2. மலேசியாவும் சிங்கப்பூரும் 3. புளூரேயில் இந்தியா சி, வளைகுடா பி, மலேசியாவும் சிங்கப்பூரும் ஏ. மண்டலம் மாறினால் கடைத் தகடு ஓடாமற் போகலாம். வீட்டு விழாக்களைப் பதிவு செய்த தகடுகளில் இத்தகைய பூட்டு பொதுவாக இராது, கவலை வேண்டா. ஆனால், பதிவு செய்தவர் கடைசியில் தகட்டை முறைப்படி முடித்து வைக்காமல் விட்டிருந்தால், அது பதிவு செய்த கருவியில் மட்டுமே ஓடும். வேறு பிளேயர் மறுக்கும்.

இன்னொன்று. கடைத் தகடுகள் பல, முதலில் ஒரு பட்டியலைக் காட்டிவிட்டு "சரி" என்ற பொத்தானுக்காகக் காத்து நிற்கும். தானியங்கி அந்த இடத்தில் தானே "சரி" சொல்ல வேண்டுமானால், தகடு படிக்கப்படும் வரை எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று அளந்து வைக்க வேண்டும். பட்டியல் இல்லாமல் நேரே ஓடும் வீட்டுப் பதிவுகளுக்கு இத்தொல்லை இல்லை.

தகட்டை உள்ளே வைப்பது மட்டும் மனிதக் கையின் வேலை. சோனி நிறுவனம் ஒரு காலத்தில் 400 தகடுகளை உள்ளடக்கி மாற்றி மாற்றி ஓட்டும் புளூரே பிளேயரை விற்றது. நமக்கு அத்தனை எதற்கு? பெரியவருக்கு வேண்டிய ஒரு தகட்டை உள்ளேயே விட்டுவைத்தால் போயிற்று. வீட்டுப் பதிவுகளை ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வைப்பதையும் இன்றே செய்துவிடுங்கள். நாம் பதிவு செய்யும் தகடுகளில் ஒரு சாயப் படலம்தான் படத்தைத் தாங்கி நிற்கிறது. வெப்பத்திலும் வெயிலிலும் அது மங்கும்.

காலம் குறுகி வருகிறது

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நாளுக்கு நாள் சுருங்கி வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் டி.வி.டி. பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1996-இல். புளூரே 2006-இல் வந்தது. மேற்சொன்ன ஓப்போ நிறுவனம் 2018 ஏப்ரலில் பிளேயர் தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2019-இல் சாம்சங்கும், 2024-இல் எல்.ஜி.யும் பின்வாங்கின. பல கருவிகளை ஒரே ரிமோட்டில் இயக்கும் ஹார்மனி வகையை லாஜிடெக் நிறுவனம் 2021 ஏப்ரலில் நிறுத்திக்கொண்டது. ஆகவே, பழைய பிளேயரை வாங்க நேரிடின் அதன் சொந்த ரிமோட்டும் உடன் வருகிறதா என்று பாருங்கள். ரிமோட் இல்லாத பிளேயரின் குறியீடுகளைத் தானியங்கிக்குக் கற்பிப்பது கடினம்.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

வாங்குமுன் கடைக்காரரிடம் அனுமதி பெற்று இவற்றைச் செய்து பாருங்கள். கால் மணிநேரம் போதும்.

1. பிளேயரின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ., இணையக் கம்பிக்கான துளை, ஒன்பது ஊசிப் பொருத்துவாய் ஆகியவற்றில் எவை உள்ளன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. பிளேயர் உறங்கும்போது ரிமோட்டில் "ஓட்டு" பொத்தானை அழுத்துங்கள். சில பிளேயர்கள் அதனாலேயே எழும். அப்படி எழுந்தால் நற்பேறு. விழித்திருக்கும்போது அதையே மீண்டும் அழுத்தினாலும் அது உறங்கிவிடாது.

3. படம் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கி மீண்டும் செருகிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கடைக்காரர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். பிளேயர் உறங்கும்போதேனும் செய்து பாருங்கள். மீண்டும் மின்சாரம் வந்ததும் எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. அமைப்புப் பட்டியலில் எச்.டி.எம்.ஐ. கட்டுப்பாடு, விரைவுத் தொடக்கம், தானே உறங்கும் வசதி ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள்.

5. உங்கள் வீட்டிலிருந்து ஒரு பழைய தகட்டைக் கொண்டுசென்று போட்டுப் பாருங்கள். கடையில் வைத்திருக்கும் புத்தம்புதுத் தகடு எந்தப் பிளேயரிலும் ஓடும்.

வீட்டிற்குக் கொண்டுவந்து இணைத்தபின், எந்தப் பொத்தான் எதைச் செய்கிறது, கெட்டால் கையால் எவ்வாறு இயக்குவது என்று தமிழில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஏற்பாட்டைச் செய்தவர் அயல்நாட்டில் இருப்பார். வீட்டில் இருப்பவர்கள் தாயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும்தாம். அவர்களால் கையால் இயக்க முடியாத ஏற்பாடு, எவ்வளவு விலை கொடுத்தாலும் ஏற்பாடாகாது.

பெரியத்தா வீட்டில் பின்னர் நடந்தது

மகனிடம் நானே தொலைபேசியில் விவரம் கூறினேன். "அத்தா மேல தப்பு இல்லைன்னு முதல்ல அவங்ககிட்டச் சொல்லுங்க மச்சான்" என்பதே அவர் சொன்ன முதற்சொல். அவர் அடுத்த விடுமுறையில் வரும்வரை மின்னளவுப் பிளக்கைக் கொண்டு ஒப்பேற்றினோம். வந்தபோது, இணையக் கம்பி வழியே கட்டளை ஏற்று, தன் நிலையைத் தானே கூறும் பிளேயர் ஒன்றை வாங்கி வந்தார். அதனுடன் ஒரு சிறு மாற்றமும் செய்தார். பச்சைப் பொத்தானுக்கு மேலே ஒரு சிறுவிளக்கு. பொத்தானை அழுத்தியவுடன் அது எரியாது; "எழுந்துவிட்டேன்" என்று பிளேயர் மறுமொழி அனுப்பிய பின்பே எரியும். சில விநாடிகள் ஆகும்.

மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் வரவைத்து, மூன்று முறை சோதித்தோம். மூன்று முறையும் விளக்கு எரிந்தது. அதன்பின் பெரியத்தாவை அழைத்தோம். முதலில் தயங்கினார். "நீங்களே அழுத்துங்க" என்று கையை இழுத்துக்கொண்டார். மகன் ஒன்றும் சொல்லாமல் அவர் அருகில் அமர்ந்துகொண்டார். சற்று நேரம் கழித்து, நடுங்கும் விரலால் அவரே அழுத்தினார். அழுத்திவிட்டுத் திரையைப் பார்க்கவில்லை, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எரிந்ததும், "ஆ, கேட்டுருச்சு" என்றார்.

இன்றும் ஒவ்வோர் இரவும் அவர் அந்த விளக்கு எரியும்வரை காத்திருந்து, பிறகுதான் தலையணையில் சாய்கிறார் என்று வீட்டார் கூறுகின்றனர்.

உங்கள் இல்லத்திலும் முதியவர் ஒருவருக்காக இத்தகைய கருவி வாங்க எண்ணுவீர்களாயின், விலைச்சீட்டைப் பார்க்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: "இது சொன்னதைச் செய்யுமா?" என்பதோடு நில்லாமல், "செய்துவிட்டேன் என்று சொல்லுமா?" என்றும் கேளுங்கள். அந்த ஒரு சொல் இல்லாமையால்தான் ஒரு பெரியவர் மூன்று வாரம் தம் கையைத் தாமே பழித்துக்கொண்டிருந்தார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மற்றொரு பொருளுடன் சந்திப்போம்.